மண்டியில் கணக்கெழுதும் சகோதரிக்கு



உங்கள் கடிதம் கிடைத்தது. பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள். ஓமந்தூர்ப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். உங்களைப் போலக் கேட்க நினைத்துக் கேட்காமல் இருப்பவர்கள் பலர் இருப்பதால், பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நீங்கள் கேட்டவை இரண்டு. பெண்கள் ஐக்கிய ஞாயிறன்று நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பிரசங்கம் செய்தார்கள். வீட்டுக்கு வந்ததும் மாமியார், ‘கேட்டியா, குணசாலி பொழுது விடியறதுக்கு முன்னாடியே எழுந்துடறாளாம்’ என்றார். நாலரை மணிக்கு எழுந்து சமையலை முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, பஸ் பிடித்து மண்டிக்குப் போய், இரவு பதினோரு மணிக்குப் படுக்கிற நான் இன்னும் எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். மற்றது, நீங்கள் கணக்கெழுதும் கமிஷன் மண்டியில் கோணி எடை, ஈரம், மண் என்று கழிப்பதற்கு மேல் மூட்டைக்கு இரண்டு கிலோ கூடுதலாகக் கழித்து எழுதச் சொல்கிறார்களே, அதற்கு என்ன செய்வது என்பது.

இந்த இரண்டையும் தனித்தனிக் கேள்விகளாக நான் பார்க்கவில்லை. அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து படித்தால் இரண்டுக்கும் சேர்த்தே பதில் கிடைக்கும். நம் சபைகளில் பெரும்பாலும் பத்தாம் வசனத்திலிருந்துதான் படிக்கிறார்கள். அங்கேதான் குணசாலியான பெண்ணைப் பற்றிய பாட்டு தொடங்குகிறது. அதற்கு முன் ஒன்பது வசனங்கள் இருக்கின்றன. லேமுவேல் என்ற ராஜாவுக்கு அவனுடைய தாய் சொன்ன புத்தி அது. பெண்களிடம் உன் பலத்தை அழித்துக்கொள்ளாதே, குடிக்காதே, குடித்தால் ஏழையின் நியாயம் உனக்கு மறந்துபோகும், வாய் திறக்க முடியாதவனுக்காக நீ வாய் திற, எளியவனுக்கு நீதி செய் என்கிறாள். நல்ல மனைவி எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால், அதிகாரம் கையில் இருப்பவன் எப்படி இருக்க வேண்டும் என்று வேதம் சொல்லிவிடுகிறது. முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் பெண்கள் தலையில் ஏற்றுவது அந்தத் தாய்க்கே செய்யும் அநியாயம்.

பாட்டைப் பற்றி உங்கள் மாமியாரிடம் சொல்ல உங்களுக்கு உதவும் ஒரு செய்தி இருக்கிறது. யூதக் குடும்பங்களில் வெள்ளிக்கிழமை மாலை, ஓய்வுநாள் தொடங்கும் நேரத்தில், கணவன் தன் மனைவியைப் பார்த்து இதைப் பாடுவது வழக்கம். வாரம் முழுக்க அவள் பட்ட பாட்டுக்கு அவன் சொல்லும் நன்றி அது. எபிரெய எழுத்து வரிசைப்படி இருபத்திரண்டு வசனங்களாக அமைந்திருக்கும் அந்தப் பாட்டில் ஒரு பெண்ணின் வாழ்நாள் முழுவதும் சேர்த்துப் பாடப்படுகிறது. நிலம் பார்த்து வாங்குகிறாள், தன் சம்பாத்தியத்தில் திராட்சைத் தோட்டம் போடுகிறாள், துணி நெய்து வியாபாரிகளுக்கு விற்கிறாள், ஏழைகளுக்குக் கையை நீட்டுகிறாள். ஒரே நாளில் இவ்வளவையும் செய்து முடித்த பெண் எந்த ஊரிலும் இருந்ததில்லை. அந்தப் பாட்டு கணவனும் பிள்ளைகளும் எழுந்து நின்று அவளைப் பாராட்டுவதோடு முடிகிறது. ஆகவே உங்கள் வீட்டில் யாராவது அதை உங்களுக்கு வாசித்துக் காட்ட விரும்பினால், நீங்கள் உட்கார்ந்திருக்க, அவர்கள் நின்று வாசிக்கட்டும். காலை நாலரை மணி போதும்.

இனி முதல் ஒன்பது வசனங்களுக்கு வருகிறேன். அவற்றை யாராவது வாழ்ந்து காட்டியிருக்கிறார்களா என்று தேடினால், வெகு தூரம் போக வேண்டியதில்லை. உங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர் ஒருவரே இருக்கிறார்.

ஓமந்தூர் பி. ராமசாமி ரெட்டியார் 1895 பிப்ரவரி 1-ஆம் தேதி ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். படித்தது திண்டிவனம் வால்டர் ஸ்கடர் பள்ளியில், ஆற்காடு மிஷன் நடத்திய பள்ளி அது. 1947 மார்ச் 23 முதல் 1949 ஏப்ரல் 6 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். நாடு விடுதலை பெற்ற அன்று அந்த நாற்காலியில் இருந்தவர் அவர்தான். அப்போது சென்னை மாகாணம் என்றால் இன்றைய தமிழ்நாட்டின் பெரும்பகுதியோடு ஆந்திரக் கடற்கரை, ராயலசீமை, மலபார், தென் கன்னடம் எல்லாம் சேர்ந்தது. அவ்வளவு பெரிய நிலப்பரப்பு, இரண்டே ஆண்டு.

அந்த இரண்டு ஆண்டில் என்ன நடந்தது என்பதை லேமுவேலின் தாய் சொன்னதோடு வைத்துப் பாருங்கள். கோயில்களில் பொட்டுக் கட்டிப் பெண் குழந்தைகளை ஒப்புக்கொடுக்கும் வழக்கத்தை ஒழிக்கும் சட்டம் 1947-இல் நிறைவேறியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி இதற்காகச் சட்டசபையில் குரல் எழுப்பத் தொடங்கி இருபது ஆண்டு நெருங்கியிருந்தது. ஆள்பவன் பெண்ணைக் கெடுக்கவும், தானும் கெடவும் ஓர் ஏற்பாடே இருந்த சமூகத்தில், அந்த ஏற்பாட்டின் வேரில் கை வைத்தார்கள். அதே 1947-இல் தாழ்த்தப்பட்டோர் எல்லாரும் கோயிலுக்குள் செல்லும் உரிமையைச் சட்டம் மாகாணம் முழுவதற்கும் உறுதி செய்தது. 1948-இல் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் வந்தது. 1937-இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கி, போர்க்காலத்தில் கைவிடப்பட்ட மதுவிலக்கு, 1948 காந்தி ஜயந்தியன்று மாகாணம் முழுவதையும் எட்டியது. கள், சாராய வருமானம் கஜானாவுக்கு எவ்வளவு முக்கியம் என்று தெரிந்தே அதை இழக்கத் துணிந்தார்கள்.

மது பற்றி அந்தத் தாய் சொன்னது பழங்காலத்துப் பேச்சு என்று யாராவது சொன்னால், மரக்காணம் வழியாகப் போய்வரச் சொல்லுங்கள். 2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மறு ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள். செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கூலி வேலைக்காரர்கள், மீனவர்கள். ஏழையின் நியாயம் மறந்துபோகும் என்று அவள் எச்சரித்தது குடிக்கிற ராஜாவை. நம் காலத்தில் விற்கிறவனும், விற்பதைக் கண்டும் காணாமல் இருக்கிறவனும் அந்த எச்சரிக்கையின் கீழ் வருகிறார்கள்.

ரெட்டியார் கிறிஸ்தவர் இல்லை. மிஷன் பள்ளியில் படித்தாலும் அவர் மனம் பற்றிக்கொண்டது வள்ளலாரை. பதவி விட்ட பிறகு வடலூரில் சுத்த சன்மார்க்க நிலையத்தை நிறுவி, ஆதரவற்ற பிள்ளைகளுக்காகவும் கல்விக்காகவும் தம் எஞ்சிய வாழ்நாளைச் செலவிட்டு, 1970 ஆகஸ்ட் 25-ஆம் தேதி காலமானார். வேதத்தின் நற்குணத்துக்குக் கிறிஸ்தவர் அல்லாத ஒருவரை உதாரணம் காட்டலாமா என்று உங்கள் சபையில் கேட்பார்கள். வேதமே அப்படித்தான் காட்டுகிறது. ஊரார் எல்லாரும் குணசாலி என்று அறிந்த பெண்ணாக வேதத்தில் பெயர் சொல்லிக் குறிக்கப்படும் ஒருத்தி ரூத். அவள் மோவாப் தேசத்தாள், அந்நிய ஜாதி, விதவை, அறுவடை செய்கிறவர்களின் பின்னால் போய்க் கதிர் பொறுக்கிப் பிழைத்தவள். உங்கள் கொல்லைகளில் மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கி முடித்த பிறகு, மண்ணில் தங்கிப்போனதைக் கிளறிப் பொறுக்கும் பெண்களின் வரிசையில் இருந்தவள். நல்ல சமாரியன் கதையிலும், இயேசு வியந்து பேசிய நூற்றுக்கு அதிபதியின் விசுவாசத்திலும் இதுவே நடக்கிறது. உள்ளே இருக்கிறவர்கள் வெட்கப்படும்படி வெளியே இருக்கிறவர்களை எடுத்துக் காட்டுவது வேதத்தின் வழக்கம்.

வெட்கப்பட நமக்குக் காரணமும் இருக்கிறது. கோயில் கதவுகளைத் திறக்கச் சட்டம் வந்து அறுபது ஆண்டு கழித்து, அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில், ஒரே ஆண்டவரைத் தொழும் கிறிஸ்தவர்களுக்குள்ளே சாதி மோதல் வெடித்தது. தலித் கிறிஸ்தவர்கள் சரிசமமான இடம் கேட்டார்கள். 2008 மார்ச்சில் அங்கே துப்பாக்கிச் சூடு நடந்து இருவர் இறந்தார்கள். திருவிருந்தில் ஒரே அப்பத்தைப் பிட்கிறவர்கள், சவ ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்பதில் பிரிந்து நின்றார்கள். இதைச் சொல்லாமல் நற்குணத்தைப் பற்றிச் சபைகளில் பேசுவதில் பொருளில்லை என்று நினைக்கிறேன்.

ரெட்டியாரைப் புனிதராக்கும் எண்ணம் எனக்கு இல்லை. அவர் ஆட்சியில் கம்யூனிஸ்டுகள் மீது கடுமையான அடக்குமுறை நடந்தது. கருஞ்சட்டைப் படை தடை செய்யப்பட்டது. 1948-இல் பள்ளிகளில் இந்தியைக் கொண்டுவந்ததற்கு எதிர்ப்புக் கிளம்பியபோது போராடியவர்கள் கைதானார்கள். இவற்றையும் எழுதி வைத்தால்தான் மற்றவற்றை நம்பலாம். ஆனால் அவருக்குப் பதவி போனதற்கு இவை காரணம் இல்லை. சிபாரிசுக்கு வளையாதவர், சொந்தக் கட்சிக்காரருக்கும் சலுகை காட்டாதவர் என்பதே சட்டமன்றக் கட்சிக்குள் அவருக்கு எதிராகத் திரண்டது. காரியம் முடித்துத் தராத முதலமைச்சரால் தங்களுக்கு என்ன பயன் என்று நினைத்தவர்கள் பெருகினார்கள். ரெட்டியார் விலகினார். குமாரசாமி ராஜா அந்த இடத்துக்கு வந்தார்.

இந்த இடத்தில் எனக்கு சாமுவேல் நினைவுக்கு வருகிறார். முதல் சாமுவேல் புத்தகம் 12-ஆம் அதிகாரம். கிழவராகிவிட்ட சாமுவேல், சவுலை ராஜாவாக்கிவிட்டு ஜனங்கள் முன்னால் நிற்கிறார். நான் யாருடைய மாட்டைப் பிடித்துக்கொண்டேன், யாருடைய கழுதையை எடுத்துக்கொண்டேன், யாரை ஏமாற்றினேன், யார் கையில் லஞ்சம் வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டேன், சொல்லுங்கள், திருப்பித் தருகிறேன் என்கிறார். ஒருவராலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. பதவியில் இருந்து இறங்குகிறவரின் கணக்கு அப்படி இருக்க வேண்டும் என்று வேதம் வரைந்து வைத்த காட்சி அது. 1949 ஏப்ரலில் இதே கேள்வியைக் கேட்டுவிட்டு இறங்கக்கூடியவராக இருந்தார் ஓமந்தூரார். அதே புத்தகம் சாமுவேலின் பிள்ளைகள் லஞ்சம் வாங்கி நியாயத்தைப் புரட்டினார்கள் என்பதையும் மறைக்கவில்லை. நல்ல குணம் பரம்பரையாக வருவதில்லை. ஒவ்வொருவரும் தாமே பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

திண்டிவனத்திலேயே இன்னொரு சம்பவம் உண்டு. நம் சபைகளில் எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் அது எங்கே நடந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 1890-களின் தொடக்கத்தில் திண்டிவனம் மிஷன் பங்களாவின் கதவை ஒரே இரவில் மூன்று பேர் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவரும் மேல்சாதி இந்து. மூவரின் மனைவியரும் பிரசவத்தில் தவித்துக்கொண்டிருந்தார்கள். மருத்துவரான தந்தை வருகிறேன் என்றார். ஆண் மருத்துவர் வேண்டாம், மகள் வரட்டும் என்றார்கள். மகள் ஐடா ஸ்கடருக்கு மருத்துவம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். சீக்கிரம் அமெரிக்கா திரும்பிவிடலாம் என்று இருந்த அந்தப் பெண், மருத்துவம் படிக்கப் போனார். 1899-இல் கார்னெலில் பட்டம், 1900-இல் வேலூர், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்றைய வேலூர் சி.எம்.சி. அங்கிருந்து வளர்ந்தது. வாய் திறக்க முடியாதவர்களுக்காக வாய் திறப்பது என்றால், சில நேரம் ஆண்டுக்கணக்கில் படித்துவிட்டுத் திரும்பி வருவதும்தான்.

முதலமைச்சரும் மருத்துவரும் பெரிய இடம், மண்டியில் கணக்கெழுதும் என் கையில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பேனா இருக்கிறது. எடைச்சீட்டு உங்கள் கையால் எழுதப்படுகிறது. அதை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போகிற விவசாயிகளில் பலர் அதைப் படித்துப் பார்ப்பதில்லை, பார்த்தாலும் கேட்பதில்லை. அறுவடைக்கு முன் அதே மண்டியில் முன்பணம் வாங்கியிருப்பார்கள். வாயடைத்து நிற்கிற அந்த மனிதருக்கு எதிரே, காலையிலிருந்து மாலை வரை, அதிகாரத்தில் இருப்பவர் நீங்கள். ஒருவருடைய குணம் என்ன என்று தெரிய வேண்டுமானால், எதிர்த்துக் கேட்க முடியாதவரிடம் அவர் எப்படி நடக்கிறார் என்று பார்க்க வேண்டும். வேதம் ராஜாவையும் வியாபாரியையும் மாமியாரையும் நிறுத்துப் பார்ப்பது இந்த இடத்தில்தான்.

எடை விஷயத்தில் வேதம் பேசும் அளவுக்கு வேறு சில பெரிய விஷயங்களில்கூடப் பேசவில்லை. லேவியராகமம் 19, உபாகமம் 25, நீதிமொழிகளில் நான்கு இடங்கள் என்று திரும்பத் திரும்ப வருகிறது. பையில் இரண்டு விதமான எடைக்கல் வைத்துக்கொள்ளாதே என்று நேராகவே சொல்கிறது. ஆமோஸ் 8-ஆம் அதிகாரத்தைத் தனியாக ஒருமுறை படியுங்கள். அந்த வியாபாரிகள் ஓய்வுநாளை ஒழுங்காக ஆசரிக்கிறார்கள். ஆராதனையில் இருக்கும்போதே, இது எப்போது முடியும், எப்போது தானியத்தை விற்கலாம், படியைச் சிறிதாக்கி எடைக்கல்லைப் பெரிதாக்கலாம் என்று நினைக்கிறார்கள். ஞாயிறுக்கும் திங்களுக்கும் நடுவில் நீங்கள் படும் வேதனை, அந்த வியாபாரிகளுக்கு இல்லாமல் போனது. உங்களுக்கு இருக்கிறது. அது நல்ல அடையாளம்.

மூட்டைக்கு இரண்டு கிலோ என்பது சின்ன விஷயம் என்று உங்கள் முதலாளி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஐம்பது மூட்டை கொண்டு வந்தவருக்கு நூறு கிலோ போகிறது. ஒரு மூட்டைக்கும் மேல். பிடுங்கி, ஆய்ந்து, காயவைத்து, கூலியும் கொடுத்து எடுத்து வந்த மூட்டை அது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் முதலாளியிடம் தனியாகப் பேசுங்கள். தப்பு செய்தவனிடம் முதலில் தனியாகப் போய்ச் சொல் என்பது மத்தேயு 18-இல் இயேசு கற்றுக்கொடுத்த முறை. சுமை தூக்குகிறவர்கள் முன்னாலோ விவசாயிகள் முன்னாலோ பேசினால் அவர் மானத்தைக் காக்கப் பார்ப்பாரே தவிர, உங்கள் பேச்சைக் கேட்க மாட்டார். பேசும்போது தானியேலை நினைத்துக்கொள்ளுங்கள். பாபிலோன் அரண்மனையில் ராஜாவின் சாப்பாட்டால் தன்னைத் தீட்டுப்படுத்த விரும்பாத அந்த இளைஞன், மேலதிகாரியிடம் சண்டை போடவில்லை. பத்து நாள் எங்களைச் சோதித்துப் பாருங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள் என்று பணிவாகக் கேட்டான். நீங்களும் அப்படியே கேளுங்கள். அண்ணாச்சியோ ஐயாவோ, எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படிக் கூப்பிட்டே சொல்லுங்கள்: இந்த ஒரு பருவத்துக்கு மொத்த எடை, கோணி, ஈரம், மண் என்று ஒவ்வொன்றையும் தனித்தனிப் பத்தியில் எழுதிக் கொடுக்கிறேன், அதற்கு மேல் கழிக்க வேண்டாம், வரத்து குறைகிறதா கூடுகிறதா பார்ப்போம் என்று. எங்கே எடை சரி என்று விவசாயிகளுக்குத் தெரிந்தால் வண்டி அங்கேதான் திரும்பும். முதலாளிக்குப் புரியும் கணக்கு இது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை தராசுக்கு முத்திரை போட வேண்டும் என்று சட்டமும் இருக்கிறது. அதைப் பயமுறுத்தலாகச் சொல்லாமல் நினைவூட்டலாகச் சொல்லுங்கள்.

ஒத்துக்கொள்ளாவிட்டால்? உங்கள் கையால் அந்தப் பொய் வரியை எழுதாதீர்கள். இதைச் சொல்லும்போது, உங்கள் வீட்டில் சம்பளம் எவ்வளவு தேவை என்பதை மறந்து சொல்லவில்லை. அதனாலேயே இதை உங்களிடம் மட்டும் சொல்லி விட்டுவிட மாட்டேன். நேர்மைக்காக வேலையை இழக்க நேர்கிறவருக்கு வேறு வேலை தேடிக் கொடுப்பது சபையின் கடமை. திருமணத்துக்கும் காதுகுத்துக்கும் பந்தல் போட ஓடி வருகிற சபை, இதற்கும் ஓடி வரட்டும். ஆயர்களும் சபை மூப்பர்களும் இதைப் படிக்கிறார்கள் என்று நம்பியே எழுதுகிறேன். உங்கள் சபையில் கடை வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள், மண்டி வைத்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள். நேர்மையாகக் கணக்கெழுதும் ஒரு பெண்ணுக்கு அவர்களில் ஒருவரிடம் இடம் இல்லை என்றால், நாம் பாடுகிற பாட்டுகளுக்கு என்ன மரியாதை?

ஒன்று கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வீட்டுக் கொல்லையில் களை எடுக்க வரும் பெண்களுக்குக் கூலியை அன்றன்றைக்கே கொடுக்கிறீர்களா? பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிடு, அவன் அதை நம்பியே பிழைக்கிறான் என்று உபாகமம் 24-இல் இருக்கிறது. நம்மைவிடப் பெரியவர் நம்மிடம் எப்படி நடக்கிறார் என்பது நமக்கு உடனே தெரிந்துவிடும். நமக்குக் கீழே இருப்பவர் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பது அவர் சொன்னாலொழியத் தெரிவதில்லை, அவரோ சொல்வதில்லை.

மல்லாட்டை வரத்து தொடங்குவதற்கு முன் முதலாளியிடம் பேசிவிடுங்கள். பருவம் சூடு பிடித்த பிறகு அவருக்கு நின்று கேட்க நேரம் இருக்காது. அடுத்த பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் வேத வாசிப்பு உங்களுக்கு வந்தால், நீதிமொழிகள் 31-ஐ முதல் வசனத்திலிருந்து வாசியுங்கள், மாமியாரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள். வேலை போனால் அதையும் எழுதுங்கள். அதற்கு என்ன செய்யலாம் என்று இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களோடு சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
உங்கள் சகோதரன்